ஏ2 வாங்கிய பையனுக்குக் 'கொக்கு' படிக்க வரவில்லை

இரண்டாம் பருவ விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலைநேர வகுப்புக்கு ஒரு அம்மா வந்தார். விமானப்படைக் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் வேலை பார்ப்பவர். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். மகனுடைய மதிப்பெண் அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

"அண்ணா, தமிழ்ல ஏ2ன்னு போட்டிருக்கு. நல்லதுதானே?"

"நல்லதும்மா. 81லேருந்து 90க்குள்ள வாங்கியிருக்கான்னு அர்த்தம்."

"அப்புறம் ஏண்ணா இவனுக்குப் படிக்க வரல? பஸ்ல போர்டு படிடான்னா முழிக்கிறான்."

பையனைக் கூப்பிட்டேன். நான்காம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கான படப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். 'படம்' படித்தான். 'பட்டம்' படித்தான். 'மாடு' வந்தது. 'கொக்கு' என்ற சொல்லில் நின்றுவிட்டான். எழுத்தைப் பார்த்தான், பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பறவை" என்றான்.

கெட்டிக்காரப் பையன். படிக்க வராததைப் படித்ததுபோல் காட்ட நான்கு வருடத்தில் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அந்த அம்மாவுக்குத்தான் புரியவில்லை. "வீட்ல தெனமும் சத்தமா படிக்கிறானே அண்ணா?" என்றார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வகுப்பில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாடத்தைத்தான் அவன் ஒப்பித்துக்கொண்டிருந்தான். ஒருமுறை புத்தகம் தலைகீழாக இருந்ததையும் அவர் கவனித்திருக்கிறார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாராம்.

நீட் இருக்கிறது, ஆணவக் கொலைகள் இருக்கின்றன, பஞ்சமி நிலம் இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு அண்ணன் ஏன் ரேங்க் கார்டு பற்றி எழுதுகிறார் என்று தோன்றலாம். அரசாங்கம் எங்கள் தெருவுக்கு அனுப்பும் காகிதங்களை எடுத்துப் பாருங்கள் தோழர்களே. சாதிச் சான்றிதழ் பிறப்பைச் சொல்கிறது. ரேஷன் கார்டு வீட்டு நிலைமையைச் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன செய்ய முடியும் என்று சொல்ல வேண்டிய காகிதம் இந்த மதிப்பெண் அட்டை ஒன்றுதான். அது பொய் சொன்னால் கேட்க ஆளில்லை, ஏனென்றால் அதைப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அந்த வீட்டில் இல்லை.

என் காலத்து அட்டை வேறு விதமாகப் பொய் சொன்னது.

மஞ்சள் நிறக் கெட்டி அட்டை. மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று கட்டங்கள். 35க்குக் கீழே இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசிக் கட்டத்தில் ரேங்க். நான்காம் வகுப்பில் 41 பேரில் என் ரேங்க் 36. அந்த வருடம் ஆசிரியர் ரேங்க்படி உட்கார வைத்தார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவர் பார்வையில் சாதி பார்க்கவே இல்லை, மார்க் மட்டும்தான் பார்த்தார். ஆனால் உட்கார்ந்து முடித்ததும் பார்த்தால் முன்வரிசை முழுக்க ஊர்ப் பிள்ளைகள், கடைசி இரண்டு வரிசை முழுக்கக் காலனி. நடுவில் இருந்த சந்துதான் ஊருக்கும் காலனிக்கும் நடுவே போகும் வண்டிப்பாதை. பத்து வயதில் எனக்கு இந்தச் சொற்கள் தெரியாது. இடம் மட்டும் தெரிந்தது.

பாபாசாகேப் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இந்த விஷயத்தில் ஒரு விநோதம் தட்டுப்பட்டது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் அவர் சொல்கிறார், வகுப்பில் தன் ரேங்குக்கு உரிய இடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார முடியாது, மூலையில் தனியாகத்தான் உட்கார வேண்டும் என்று. உட்காரும் சாக்கையும் வீட்டிலிருந்தே கொண்டு போக வேண்டும். சாத்தாராவில் அவரைச் சேர்த்த 1900 நவம்பர் 7ஆம் தேதிப் பதிவை, பதிவேட்டு எண் 1914ஐ, இன்றும் அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிர அரசு அந்த நாளை 2017இலிருந்து மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, சாக்கு இல்லை. அவருக்கு ரேங்க் கொடுத்த உரிமையைச் சாதி பறித்தது. எனக்கு ரேங்கே சாதியின் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

அட்டையில் பெற்றோர் கையொப்பம் வேண்டும். அப்பா கைநாட்டு வைத்து அனுப்பினார். வகுப்பில் அந்தக் கட்டை விரல் ரேகையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். வீட்டில் அதை நான் சொல்லவில்லை, அக்கா சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் அப்பா அக்காவிடம் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அரையாண்டுக் கட்டத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. கட்டத்தை விட்டு வெளியே போய், பக்கத்தில் இருந்த வகுப்பாசிரியர் கையெழுத்தின் மேல் ஏறி நிற்கிறது.

36 ஏன் என்பதுதான் எனக்கு வெகுநாள் தெரியாத விஷயம். ஏழாம் வகுப்பில் வேறொரு பள்ளியில் ஒரு கணக்கு ஆசிரியர்தான் கண்டுபிடித்தார். "உனக்கு வகுத்தல் தெரியல, அதான் மத்த எதுவுமே வரல" என்றார். மூன்றாம் வகுப்பில் இரண்டு மாதம் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருந்தோம். வகுத்தல் நடந்த மாதங்கள் அவை. அவ்வளவுதான் என் முட்டாள்தனத்தின் முழு வரலாறு. அவர் பதினைந்து நாளில் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழு வரை எத்தனையோ அட்டைகள் வீட்டுக்கு வந்தன. ஒன்றிலாவது 'வகுத்தல் தெரியவில்லை' என்ற இரண்டு சொற்கள் இருந்திருந்தால் போதும். ரேங்க் இருந்தது. 'முயற்சி தேவை' என்று இருந்தது. முயற்சி எதில் என்று இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தபோது இதை மாற்றத்தான் சில பிரிவுகள் சேர்த்தார்கள். 29ஆவது பிரிவு, குழந்தையின் அறிவைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. 30ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை பொதுத்தேர்வு கூடாது என்றது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் வந்தன. செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20, பருவ இறுதியில் எழுத்துத் தேர்வுக்கு 60. மொத்தத்துக்கு ஏ1 முதல் இ2 வரை கிரேடு. ரேங்க் போனது, சிவப்பு மை போனது. நான் அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போதும் அதற்காகச் சந்தோஷப்படுகிறேன்.

ஆனால் கிரேடும் ஒரு கூட்டல் கணக்குதான். செயல்பாட்டுக்கான 20ஐப் பருவக் கடைசியில் ஒரே உட்காரலில் நிரப்பும் பள்ளிகள் இருக்கின்றன. விடை கரும்பலகைக்கே வந்துவிடும் தேர்வுகளை நீங்களே எழுதியிருப்பீர்கள். கூட்டினால் 83 வந்துவிடும். நம்ம பையனுக்கு வந்ததுபோல. இதில் ஆசிரியர்கள் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. மூன்று வகுப்பை ஒருவரே பார்க்கிறார், கணக்கெடுப்புக்குப் போகிறார், தேர்தல் வேலைக்குப் போகிறார், மிச்ச நேரத்தில் செயலியில் பதிவு ஏற்றுகிறார். அதற்கப்பால் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தாராளம் கொஞ்சம் சுலபமாக வருகிறது. "இந்தப் புள்ளைங்க வர்றதே பெருசு" என்று என்னிடமே ஒரு ஆசிரியை அன்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த அன்பில் எதிர்பார்ப்பு இல்லை. எதிர்பார்க்காதவனுக்கு ஏ2 போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் ஒன்பதாம் வகுப்பில் தெரியும். அப்போது 'படிப்பு ஏறல' என்று சொல்லிப் பையனை கேட்டரிங் வேலைக்கு அனுப்புவோம்.

இந்த இடத்தில் உடனே ஒரு குரல் வரும், 'அதனால்தான் ஃபெயில் போட வேண்டும்' என்று. 2019இல் சட்டத்தைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தி வைக்கலாம் என்று ஒன்றிய அரசு வழி திறந்தது. தமிழ்நாட்டிலும் அந்த வருடமே இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. எதிர்ப்பு எழுந்து 2020 பிப்ரவரி 4ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். அந்த எதிர்ப்பில் நாங்களும் ஆவடியில் நின்றோம், திரும்ப வந்தால் திரும்ப நிற்போம். நான்காம் வகுப்பில் கொக்கு படிக்காத பையனை ஐந்தில் நிறுத்தினால் அவன் கொக்கு படிக்க மாட்டான், நின்றுவிடுவான். ஆனால் நாம் ஒரு பாதியை மட்டும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஃபெயில் போடாதே என்று கேட்டோம். அப்படியானால் என் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை எழுதிக் கொடு என்று கேட்கவில்லை.

கேட்காமலே ஒருமுறை கிடைத்தது, சுவரில். செயல்வழிக் கற்றல் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களில் சிலர் அந்த வகுப்பறையில் படித்தும் இருக்கலாம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனது. அதைக் கொண்டுவந்த எம்.பி.விஜயகுமார் அப்போது மாநகராட்சி ஆணையர். அதற்கு முன் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளின் பள்ளிகளுக்காக ரிஷிவேலியின் முறையைத் தேடிப் போனவர். பாடத்தை ஏணிப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஒரு அட்டை. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுக்கும், முடித்தால் அடுத்த படி. யார் எந்தப் படியில் இருக்கிறார் என்று அடைவு அட்டவணை சுவரில் இருக்கும். ஆசிரியர் பாயில் உட்கார்ந்திருப்பார். எங்கள் பிள்ளைகளோடு தரையில், ஒரே பாயில் ஆசிரியர் உட்கார்ந்ததைப் பார்த்து எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ஜன்னல் ஓரமே நின்றுவிட்டார்.

எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். இரண்டு மாதம் வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். வகுப்பு அவளை விட்டுவிட்டுப் போயிருக்காது. சூளைக்குப் போன பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? 'நான் 36ஆவது' என்பதற்குப் பதில் 'நான் வகுத்தலுக்கு முந்தின படியில் இருக்கிறேன்' என்று எனக்குத் தெரிந்திருக்கும். அந்த முறையிலும் குறை இருந்தது. அட்டை கிழிந்தால் மாற்று வரவில்லை, பல ஆசிரியர்களுக்கு அது மேலிருந்து வந்த உத்தரவாகவே இருந்தது, கடைசியில் தேய்ந்து போனது. ஏணியும் சுவரை விட்டு இறங்கி வீட்டுக்கு வரவே இல்லை.

பிறகு கொரோனா. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அடுத்த வருடம் ஜூன் 13ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினார். தொடங்கிய இடம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், 2025க்குள் இதை எட்ட வேண்டும் என்பது இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புத் திறன் மட்டும் இருந்தால் அரும்புப் பயிற்சிநூல்தான். பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்று அரசே ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நம்ம பையனுக்கு ஒரு தங்கை, மூன்றாம் வகுப்பு. அவளிடம் எந்த வகுப்பு பாப்பா என்று கேட்டேன். "நான் அரும்பு" என்றாள்.

"அரும்புன்னா?"

"அ ஆ படிக்கிறவங்க. மலருன்னா நல்லா படிக்கிறவங்க. அவங்க அந்தப் பக்கம் உக்காருவாங்க."

அந்தப் பக்கம். நாற்பது வருடம் கழித்தும் வகுப்பறைக்குள் ஒரு அந்தப் பக்கம். திட்டம் போட்டவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். சேர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வசதி என்று ஆசிரியர் நினைத்திருப்பார். ஆனால் அழகான பெயர் வைப்பதைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. எங்களுக்கு ஹரிஜன் என்று ஒரு அழகான பெயர் வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவே ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது. பூவின் பெயராக இருந்தாலும், பிள்ளை 'நான் அரும்பு நிலையில் ஒரு பயிற்சி செய்கிறேன்' என்று சொல்லாது. 'நான் அரும்பு' என்றுதான் சொல்லும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தில் லெவல் 1, லெவல் 2 என்று எண் போட்டு மதிப்பிட்டுவந்தார்கள். 2014இல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் தங்களையே அந்த எண்ணாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பாடத்திட்ட மறுஆய்வுக் குழு சொன்னது அதற்கு ஒரு காரணம். நிலை என்பது பாடத்தின் எந்தப் பகுதி என்று காட்டுவதற்காக வந்தது, பிள்ளையின் நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது.

நெற்றி என்றதும் இன்னொன்று. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறும் பொட்டும்தான் செய்தியானது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது. மதிப்பெண் அட்டை பற்றிப் பேசும் யாரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வருவது நல்லது.

சரி, ஒன்றிய அரசின் புது அட்டை எப்படி? அதையும் அந்த அம்மா மூலமாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். "நான் வேலை செய்ற வீட்டுப் பாப்பா கார்டுல, அந்தப் பாப்பாவே தன்னப் பத்தி எழுதுதுண்ணா. சிரிக்கிற மூஞ்சிக்குக் கலர் அடிக்குது" என்றார். மத்தியப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் குழந்தை. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் சொன்ன முழுமை முன்னேற்ற அட்டை அது. 'பரக்' என்ற அமைப்பு வகுத்த மாதிரியைத் தேடிப் படித்தேன். தேசியக் கல்விக் கொள்கையில் எனக்கு உடன்பாடு இல்லாதது நிறைய. அதற்காக நல்லதை நல்லதில்லை என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண் கிடையாது. திறன் திறனாக எழுதுகிறார்கள். பிள்ளை, கூடப் படிக்கும் பிள்ளை, ஆசிரியர், பெற்றோர் நான்கு பேரும் எழுத இடம் இருக்கிறது. நிலைகளுக்கு ஓடை, மலை, வானம் என்று பெயர். (நம்மவர்கள் பூந்தோட்டத்துக்குப் போனார்கள், அவர்கள் ஆகாயத்துக்கே போய்விட்டார்கள்.)

பெற்றோர் பகுதியில்தான் எனக்கு இடித்தது. குழந்தைக்கு வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்கிறார்கள். புத்தகம், செய்தித்தாள், விளையாட்டுப் பொருள், கைப்பேசி, கணினி, இணையம். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள், உதவி செய்ய வேண்டுமே என்று. அந்தப் பட்டியலை எங்கள் தெருவில் வைத்துப் பாருங்கள். கைப்பேசிக்கு ஒரு டிக், மிச்சமெல்லாம் காலி. அந்தக் காலிக் கட்டங்கள் பிள்ளையின் அட்டையிலேயே நிற்கும். பள்ளியில் நூலகம் திறந்திருந்ததா, மூன்று வகுப்புக்கு எத்தனை ஆசிரியர், கழிவறையில் தண்ணீர் வந்ததா என்று கேட்கும் கட்டத்தை நான் அதில் காணவில்லை. வீட்டில் இல்லாதது பிள்ளை பெயரில் எழுதப்படுகிறது. பள்ளியில் இல்லாததை யார் பெயரில் எழுதுவது?

அதற்குப் பிறகுதான் மாலைநேர வகுப்பில் நாங்களே ஒரு அட்டை செய்தோம். வகுப்பெடுக்க வருபவர்கள் கல்லூரி மாணவர்கள், உங்கள் வயதுதான். பாடநூலிலேயே கற்றல் விளைவுகள் என்று பட்டியல் இருக்கிறது. 2017இலேயே வகுப்புவாரியாகக் கற்றல் விளைவுகளைக் கல்வி உரிமைச் சட்ட விதிகளில் சேர்த்துவிட்டார்கள். அதனால் எதையும் நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த மொழியை உடைக்க வேண்டியிருந்தது. 'எளிய சொற்களைச் சரியான ஒலிப்புடன் படித்துப் பொருள் உணர்தல்' என்று எழுதினால் எந்த அம்மாவுக்குப் புரியும்? மூன்று வாரம் சண்டை போட்டோம். நிலை, கிரேடு, பூ, நட்சத்திரம் எதுவும் வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும் என்று முடிவானது. ஒரு ஏ4 தாளில் பாதி. வாசித்துக் காட்டினால் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

நம்ம பையனுடைய முதல் அட்டை இப்படி இருந்தது:

'க, கா, கி, கு வரும் சொற்களை நிற்காமல் படிக்கிறான். கொம்பு வரும் எழுத்துகளில் (கெ, கே, கொ, கோ) நிற்கிறான். கதையைக் கேட்டுவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் சொல்கிறான். கடன் வாங்காத கழித்தல் வருகிறது. கடன் வாங்கும் கழித்தல் வரவில்லை. கடையில் மீதிச் சில்லறையைச் சரியாகச் சொல்கிறான்.'

கடைசி இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் பாருங்கள். 100 ரூபாய் கொடுத்து 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி 37 என்று உடனே சொல்கிறவனுக்குத் தாளில் கழித்தல் வரவில்லை. கணக்கு அவனுக்குத் தெரியும், பள்ளி எழுதும் விதம்தான் தெரியாது. எந்தக் கிரேடும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. கொம்பும் அப்படித்தான். 'கொ'வில் ஒலிக்கும்போது முதலில் வருவது க், எழுதும்போது முதலில் நிற்பது கொம்பு, பின்னால் ஒரு கால் வேறு. இடமிருந்து வலமாகப் போகும் சின்னக் கண் அங்கே குழம்பத்தான் செய்யும். அது தெரிந்த பிறகு சரிசெய்ய அதிக நாள் பிடிக்கவில்லை.

தாளின் கீழ்ப்பாதி பற்றித்தான் பெரிய விவாதம். அங்கே 'நாங்கள் கொடுத்தது' என்று ஒரு பகுதி வைக்க வேண்டும் என்று பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். வகுப்பு எத்தனை நாள் நடந்தது, இந்தப் பிள்ளையோடு தனியாக எத்தனை நாள் உட்கார்ந்தோம். முதல் மாதம் நிரப்பிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. 26 நாளில் 19 நாள்தான் வகுப்பு நடந்திருந்தது. தன்னார்வலர்களுக்கு செமஸ்டர், எனக்கு இரண்டு கூட்டம், ஒரு நாள் மழை. அந்த 19ஐ அந்த அம்மாவிடமும் வாசித்துக் காட்டினோம். "ஏழு நாள் ஏன் நடக்கலண்ணா?" என்று கேட்டார். அரசுப் பள்ளியை நோக்கி விரல் நீட்டிப் பழகிய எனக்கு அன்று பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த மாதம் 24.

படிக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பகுதியில் இரவுப் பாடசாலையோ டியூஷனோ நடத்துகிறீர்கள் என்றால் இந்த அரைத் தாளைச் செய்து பாருங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு. எங்கள் பகுதியில் அந்தக் கூட்டத்துக்கு நம் அம்மாக்கள் போவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், டீ குடிப்பார்கள், வருவார்கள். கேட்க எதுவும் இருக்காது. 'நல்லாப் பாத்துக்கங்க டீச்சர்' என்பதற்கு மேல் என்ன கேட்பது? ஏ2வை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க முடியாது.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு அந்த அம்மா போனார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். "நீங்க வந்தா சண்டைன்னு நெனப்பாங்க" என்றார். நியாயம்தான். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் முறை வந்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒன்று ஏ2 போட்ட அட்டை, இன்னொன்று எங்கள் அரைத் தாள். "இதுல கழித்தல் வரலன்னு எழுதியிருக்கு. நீங்க கொடுத்ததுல அது எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். பாப்பா 'அந்தப் பக்கம்' உட்காருவதையும் கேட்டிருக்கிறார்.

தலைமை ஆசிரியை கோபப்படவில்லையாம். அரைத் தாளை எடுத்து முழுதும் படித்திருக்கிறார். கீழே '26க்கு 19' என்று இருந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பிறகு, "இத நான் வெச்சிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஜெராக்ஸ் எடுத்துக்கங்க டீச்சர். இது எங்க வீட்டுது" என்று சொல்லிவிட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக் கவருக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.